கடலோர வீட்டில் நாய், பூனை, தோட்டம்: கடலூர், புதுச்சேரிப் பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்னமும் பல வீடுகளுக்கு முன்பக்கம் ஒரு திண்ணையோ கிரில் போட்ட வராந்தாவோ இருக்கிறது. பின்பக்கம் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு வாழை, துவைகல், கறிவேப்பிலைக் கன்று என்று சிறிய தோட்டம் இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் நாயும் பூனையும் மனிதர்களோடு சேர்ந்து வாழ்வது இயல்பான காரியம்தான். ஆனாலும் நாய் பாத்தியைத் தோண்டுகிறது, பூனை கீரை விதைத்த இடத்தில் அசிங்கம் செய்கிறது, இரண்டும் ஒன்றையொன்று துரத்துகின்றன என்று சொல்லி, ஆசையாகக் கொண்டுவந்த சில மாதங்களிலேயே நாயைச் சங்கிலியில் கட்டிப்போடுகிறவர்களும், பூனையைச் சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவருகிறவர்களும் உண்டு. விலங்கின் இயல்பைத் தெரிந்துகொண்டு வீட்டையும் மனையையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. நாய் தோண்டத்தான் செய்யும், எல்லையைச் சுற்றி நடக்கத்தான் செய்யும். பூனை மணலைக் கிளறும், உயரத்தில் ஏறும். அவற்றை எந்த இடத்தில் செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஓர் உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியதே.

முதல் படி: விலங்கு வருவதற்கு முன் மனையைச் சுற்றிப் பார்த்தல்

நாயோ பூனையோ வருவதற்கு முன்பே, ஒரு நாள் காலையில் நிதானமாக மனை முழுவதையும் சுற்றி வாருங்கள். கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்; குட்டியின் தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். சம்ப் எனப்படும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி கனமாகவும் முழுமையாகவும் பொருந்துகிறதா என்று அடுத்து பார்க்க வேண்டும். தண்ணீர் லாரி வந்துபோன பிறகு மூடியைப் பாதி திறந்தபடி விட்டுவிடுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. தண்ணீர் குடிக்க எட்டிப் பார்க்கும் குட்டிக்கு அந்த வழுவழுப்பான சிமென்ட் சுவரில் ஏறி வர வழியே கிடையாது. உறைகிணறு இருந்தால் இரும்புக் கம்பி வலை போட்டு மூடிவிடுவது நல்லது.

பழைய மதில்களின் மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்திருப்பார்கள். பூனைக்கு மதில்தான் சாலை. அதிலும் புதுச்சேரியின் பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியே இருப்பதால், ஒரு பூனை தரையில் கால் வைக்காமலே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். அந்தச் சில்லுகளை உடைத்தெடுத்துவிட்டுச் சிமென்ட் பூசிவிடுங்கள். தென்னை மரங்களில் நெற்றும் காய்ந்த மட்டையும் எங்கே விழுகின்றன என்பதையும் கவனித்து, அந்த வட்டத்துக்கு வெளியே நாய் படுக்கும் இடத்தை அமைக்க வேண்டும்.

இரண்டாம் படி: செடிகளையும் உரங்களையும் சரிபார்த்தல்

இந்தப் படியை யாரும் தவிர்க்கக் கூடாது. நம் தோட்டங்களில் அழகுக்கும் பூசைக்கும் வளர்க்கும் செடிகளில் சில, விலங்குகளின் உயிரைப் பறிக்கக் கூடியவை. அரளியின் இலை, பூ, தண்டு அனைத்திலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உள்ளது. மஞ்சள் பூ பூக்கும் தங்க அரளியும் அப்படியே. வேலியோரம் படரும் செங்காந்தளின் கிழங்கில் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற பெருமையோடு அதை வளர்க்க விரும்புகிறவர்கள், தோண்டும் பழக்கமுள்ள நாய் வீட்டில் இருக்கும்வரை அந்த ஆசையைத் தள்ளிவைப்பதே சரி. வாசலின் இருபுறமும் தொட்டியில் வைக்கும் சைகஸ் பனையின் விதையைத் தின்ற நாய்க்குக் கல்லீரல் செயலிழந்துபோகும். ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு ஆகியவை கொல்லையில் தானாகவே முளைப்பவை என்பதால் அவ்வப்போது பார்த்துப் பிடுங்க வேண்டும். மணி பிளாண்ட், சேம்பு, டிஃபன்பேக்கியா போன்றவை பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் கடித்தவுடன் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.

பூனை வளர்ப்பவர்கள் லில்லியைப் பற்றித் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பூங்கொத்துகளில் வரும் லில்லி வகைகளும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். பூவைத் தின்ன வேண்டும் என்பதுகூட இல்லை; உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். கல்யாண வரவேற்பிலிருந்து கொண்டுவந்த பூங்கொத்தை வரவேற்பறை மேசையில் வைப்பதற்கு முன் அதில் லில்லி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

இவ்வளவு சொன்னதால் பயந்து தோட்டத்தையே அழித்துவிட வேண்டாம். மல்லிகைப் பந்தல், ரோஜா, வாழை, துளசி, அரிக்கா பனை ஆகியவற்றால் நாய்க்கும் பூனைக்கும் தீங்கில்லை. ஓரமாகக் கொஞ்சம் அருகம்புல்லைத் தழையவிட்டால் இரண்டுமே அதைக் கடித்துத் தின்னும்.

செடிகளைவிட ஆபத்தானது சில வேளைகளில் உரம். ஆமணக்குப் புண்ணாக்கின் வாசனை நாய்களுக்கு மிகவும் பிடிக்கும். சரியாகச் சூடேற்றிப் பக்குவப்படுத்தாத புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு தங்கியிருக்கும். எலும்புத்தூள் போட்ட ரோஜாத் தொட்டியை நாய் விடாமல் தோண்டுவதற்குக் காரணம் குறும்பு இல்லை, அந்த வாசனைதான். நாய் உள்ள வீட்டில் ஆமணக்குப் புண்ணாக்கையும் எலும்புத்தூளையும் விட்டுவிட்டு, நன்கு மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் போடுவதே பாதுகாப்பானது. பூச்சிக்கு வைக்கும் குருணை மருந்து, எலிக்கு வைக்கும் கேக், பேஸ்ட் எதுவும் தரையில் இருக்கவே கூடாது; நஞ்சு தின்று செத்த எலியைப் பூனை தின்றாலும் பூனைக்கு ஆபத்துதான். தரை துடைக்கும் ஃபீனைலும் பூனைக்கு ஆகாது. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகிறது.

மூன்றாம் படி: தோட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்குதல்

நாய் வந்த சில வாரங்களில் மதிலை ஒட்டி ஒரு தடம் விழுவதைப் பார்க்கலாம். கேட்டிலிருந்து புறப்பட்டு, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் மூலைவரை போய், அங்கே சற்று நின்று மோப்பம் பிடித்துவிட்டு, அதே வழியில் திரும்பி வரும். அந்தத் தடத்தின்மேல் கத்தரி நட்டால் கத்தரி மிதிபடும். ஆகவே மதிலோரம் இரண்டடி அகலத்துக்கு எதையும் நடாமல் விட்டுவிட்டு, பாத்திகளை உள்பக்கமாகத் தள்ளி அமையுங்கள். ஆண் நாய்கள் நட்டுக்குத்தலாக நிற்கும் எதையும் கண்டால் காலைத் தூக்கும் என்பதால், அந்தத் தடத்தின் திருப்பத்தில் ஒரு பழைய தென்னைமரத் துண்டை நட்டுவைத்தால் துளசி மாடம் தப்பும். நாயின் சிறுநீரில் தழைச்சத்து மிகுதியாக இருப்பதால் புல் கருகும். உடனே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் கருகாது.

நாய் தோண்டுவதற்குப் பெரும்பாலும் வெயிலே காரணம். மேல்மண் சுடும்போது ஓரடி ஆழத்தில் உள்ள மண் குளிர்ச்சியாக இருக்கும் என்பது அதற்குத் தெரியும். துவைகல்லுக்கு அருகே, தண்ணீர் வழிந்து ஈரம் காக்கும் நிழலில், மூன்றடி நீளத்துக்கு ஒரு பள்ளத்தை நாமே தோண்டி மணல் நிரப்பி, அதில் ஒரு தேங்காய் மட்டையைப் பாதி புதைத்து வைத்தால் நாய் அந்த இடத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். வேறிடத்தில் தோண்டினால் அடிக்காமல், அழைத்துவந்து இங்கே விடுங்கள்.

பூனையின் விஷயத்தில் கடலோர மண்ணே ஒரு சிக்கல். தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளில் இருப்பது பொலபொலவென்ற மணல். பூனைக்கு அதைவிட நல்ல கழிப்பிடம் கிடையாது. விதைப்பதற்காகக் கொத்திக் கிளறிய பாத்தியைப் பார்த்தால் அது தனக்காகவே தயார் செய்தது என்று பூனை நினைக்கும். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் இந்தத் தொல்லை குறைவு. மண் இறுகிவிடுவதால் பூனை கொத்திய பாத்தியை மட்டுமே தேடிவரும். எப்படியானாலும் தீர்வு ஒன்றுதான்: கிணற்றிலிருந்தும் கீரைப் பாத்தியிலிருந்தும் விலகிய ஓர் ஒதுக்குப்புறத்தில், மூன்றடிக்கு மூன்றடி இடத்தில், ஓரடி ஆழத்துக்கு உலர்ந்த மணலைக் கொட்டி, மேலே மழை படாமல் ஒரு தகரமோ ஓலையோ வேய்ந்துவிட வேண்டும். முதல் சில நாள்கள் பூனையின் மலத்தைக் கொஞ்சம் அதில் புதைத்து வைத்தால் இடம் புரிந்துவிடும். நாய் அங்கே எட்டாதபடி தடுப்பும் வையுங்கள். பூனையின் மலத்தைத் தின்னும் பழக்கம் பல நாய்களுக்கு உண்டு.

அதே சமயம், விதைத்த பாத்தியின் மேல் கோழி வலையைத் தரையோடு விரித்து, கீரை நான்கு விரற்கடை உயரம் வரும்வரை விட்டுவைக்கலாம். எலுமிச்சை முள்ளைக் கழித்துப் பரப்புவதும் பலன் தரும். குப்பைமேனியைக் களையெடுக்கும்போது இன்னும் கவனமாக இருங்கள். அதன் வேரின் வாசனைக்குப் பூனைகள் எங்கிருந்தோ வந்து உருண்டு புரளும். பிடுங்கிய செடியைப் பாத்தியிலேயே போட்டுவைத்தால் அக்கம்பக்கத்துப் பூனைகளையும் நாமே அழைத்ததாகிவிடும்.

நாய், பூனை மலத்தைக் காய்கறிக்குப் போடும் மக்குக் குழியில் சேர்க்கவே கூடாது. அவற்றில் உள்ள குடற்புழுவின் முட்டைகள் வீட்டு மக்குக் குழியின் சூட்டில் சாவதில்லை. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருந்தால், அது ஒரு நாளுக்குமேல் கிடந்த பிறகுதான் பிறருக்குத் தொற்றும் நிலையை அடைகிறது. தினமும் அள்ளிவிட்டால் அந்த வாய்ப்புப் பெருமளவு குறைந்துபோகும். கர்ப்பிணிகள் அள்ளும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, மண்ணில் கைவைக்கும்போது கையுறை அணிய வேண்டும். பூனையை வீட்டைவிட்டுத் துரத்த அவசியமில்லை.

நான்காம் படி: நாயையும் பூனையையும் சேர்த்துவைத்தல்

இதில் அவசரப்பட்டவர்கள்தான், நாயும் பூனையும் பிறவிப் பகை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாய்க்குட்டி ஏறத்தாழ 3 வாரம் முதல் 14 வாரம் வரையிலும், பூனைக்குட்டி 2 வாரம் முதல் 7 வாரம் வரையிலும் யாரோடு பழகுகிறதோ அவரைத் தன் கூட்டத்தவராக ஏற்றுக்கொள்ளும். ஆகவே இரண்டும் குட்டியாகச் சேர்ந்து வளர்வது மிகவும் எளிது. வளர்ந்த நாய் உள்ள வீட்டுக்குப் பூனை வரும்போதும், வளர்ந்த பூனை உள்ள வீட்டுக்கு நாய் வரும்போதும் கீழே சொல்லும் வரிசையை ஒன்றுவிடாமல் பின்பற்ற வேண்டும்.

புதிதாக வந்த விலங்குக்கு ஓர் அறையை முழுமையாகக் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். பூனை என்றால் அந்த அறையில் ஏறி ஒளிந்துகொள்ள ஒரு பரண், மணல் தட்டு, தண்ணீர் மூன்றும் இருக்க வேண்டும். முதல் நாள்களில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது; வாசனை மட்டுமே அறிமுகமாக வேண்டும். பூனை படுத்த பழைய வேட்டித் துண்டை நாயின் படுக்கையிலும், நாயின் கோணியைப் பூனையின் அறையிலும் போடுங்கள். நாய் அந்தத் துண்டை ஒரு முறை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால் நல்ல அறிகுறி. விடாமல் முகர்ந்து, குரல் எழுப்பிக் கதவைப் பிறாண்டினால் இன்னும் சில நாள்கள் ஆகும் என்று பொருள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்து, கிண்ணங்களைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவை நோக்கி நகர்த்துங்கள். மற்றதன் வாசனை வரும்போது வயிறு நிறைகிறது என்ற எண்ணம் இரண்டின் மனத்திலும் பதிய வேண்டும்.

அடுத்த கட்டத்துக்கு வராந்தாவின் கிரில் கேட்டைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. பூனை உள்ளே, நாய் வெளியே கழுத்துப் பட்டையும் கயிறுமாக, ஐந்து நிமிடம் மட்டும். இப்போது கவனிக்க வேண்டியது நாயின் கண்ணை. உடல் விறைத்து, வாய் மூடி, காது முன்னோக்கி நிமிர்ந்து, இமைக்காமல் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தால் அது வேட்டைப் பார்வை. குரைப்பதைவிட இந்த மௌனமே ஆபத்தானது. பெயர் சொல்லி அழைத்ததும் உங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி கொடுங்கள். திரும்பவில்லை என்றால் கத்தாமல் கயிற்றைப் பிடித்துத் தூரமாக அழைத்துச் செல்லுங்கள். பூனை முதுகை வளைத்துச் சீறுவது தற்காப்புக்காக மட்டுமே. அதற்காகத் திட்ட வேண்டாம். வாலைக் காலுக்கடியில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, கண்ணை மெல்ல மூடித் திறந்தால் அது தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிரில் வழியாகப் பார்த்தும் இரண்டும் அமைதியாகச் சாப்பிடத் தொடங்கிய பின்னரே, நாயைக் கயிற்றில் பிடித்தபடி ஒரே அறையில் விட வேண்டும். பூனை ஓடிவிட்டால் நாய் துரத்தத் தொடங்கும். ஒரு முறை துரத்திச் சுவை கண்ட நாயை மாற்றுவது கடினம் என்பதால் அந்த முதல் துரத்தல் நடக்காமல் பார்த்துக்கொள்வதே முழு வேலையும். பூனைக்கு அலமாரி, ஜன்னல் மேடை, பரண் என்று தரையைத் தொடாமல் தப்பிச் செல்ல எப்போதும் ஒரு வழி திறந்திருக்கட்டும். நீங்கள் கடைக்குப் போகும்போதும் இரவிலும் பல வாரங்களுக்கு இரண்டையும் தனித்தனியாகவே வையுங்கள். இதற்கு எத்தனை நாள் என்று கணக்குச் சொல்ல முடியாது. சில வீடுகளில் இரண்டு வாரத்தில் முடியும், சில வீடுகளில் மாதக்கணக்கில் நீளும். சில நாய்கள், குறிப்பாக ஓடும் எதையும் துரத்துவதற்காகவே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்கள், பூனையோடு தனியாக விடத் தகுந்தவையாக ஆகாமலே போகலாம். அதை ஒப்புக்கொண்டு இடத்தைப் பிரித்து வைப்பதில் குறை ஒன்றும் இல்லை. முதல்முறையாக வளர்ப்பவர்களுக்கு நம் தெருவிலேயே பிறந்த நாட்டு நாய்க்குட்டியை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். இந்த வெயிலும் புழுக்கமும் அதற்குப் பழக்கம். தெருப் பூனைகளைப் பார்த்தே வளர்ந்தது அது.

ஐந்தாம் படி: உணவு

நாய்க்கும் பூனைக்கும் ஒரே சோறு போடுவது நம்மிடையே உள்ள பெரிய தவறு. பூனை இறைச்சியை நம்பியே வாழும் விலங்கு. டாரின் என்ற சத்தைப் போதிய அளவில் தன் உடலில் உருவாக்கிக்கொள்ள அதனால் முடியாது. பல காலம் தயிர்சாதம் மட்டும் தின்ற பூனைக்குப் பார்வையும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

மீனுக்குக் குறைவில்லாத ஊர் நம்முடையது. மத்தி, நெத்திலி, சங்கரா எதுவானாலும் வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். சில மீன்களில் தயமின் என்ற வைட்டமினைச் சிதைக்கும் நொதி உள்ளது. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். மீனே முழு உணவாகிவிடாமல் கோழிக்கறி, ஈரல், முட்டை என்று மாற்றியும் கொடுக்க வேண்டும். குழம்பில் போட்ட மீனைக் கொடுக்காதீர்கள். அதில் உள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. நாயைவிடப் பூனைக்கு இதன் பாதிப்பு அதிகம். கருவாட்டில் உப்பு மிக அதிகம். பாயசத்திலும் கேசரியிலும் விழும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாகச் சிதறிக் குடலைக் கிழித்துவிடும்.

பூனைக்கு உயரத்தில், வாஷிங்மெஷின் மேலோ மேடையிலோ வையுங்கள். நாய்க்குத் தரையில் வையுங்கள். நாயின் தட்டில் மிஞ்சிய சோற்றை இரவில் வெளியே விட்டுவைக்காதீர்கள். சோற்றைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். நம் வீட்டுத் தோட்டங்களில் நாய்களுக்கு நேரும் பாம்புக்கடிகளில் பலவும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான்.

ஆறாம் படி: தடுப்பூசியும் உண்ணியும்

நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசியைத் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் எதிராக இதில் பாதுகாப்பு கிடைக்கிறது. வெறிநோய்க்கான ரேபிஸ் தடுப்பூசியை 3 மாதத்தில் நாய், பூனை இரண்டுக்கும் போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். பூனைக்கு ரேபிஸ் வராது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரும், பூனை கடித்தாலும் மனிதருக்குத் தொற்றும். புதுச்சேரிப் பக்கத்தவர்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனை இருக்கிறது. கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனையை நாடலாம்.

எந்த விலங்கு கடித்தாலும், பிறாண்டி இரத்தம் வந்தாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டக் கூடாது. தோலில் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டு, 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ரேபிஸ் தடுப்பூசி போடுவார்கள். ஒன்றையும் தவறவிடக் கூடாது. பெண் விலங்குகளுக்கு முதல் ஈற்றுக்கு முன்பே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவது நல்லது. பூனை ஐந்து மாதத்திலேயே சினையாகக் கூடும் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்ணித் தொல்லைதான் இந்தக் கடலோரத்தில் ஓயாத தொல்லை. நாயின் உடலில் தெரிபவை உண்ணிக் கூட்டத்தின் சிறு பகுதியே. இரத்தம் குடித்துப் புளியங்கொட்டை பருமனுக்கு உப்பிய பெண் உண்ணி, நாயை விட்டு உதிர்ந்து, சுவரில் மெல்ல ஏறி, கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு டார்ச் விளக்கை அந்த வெடிப்பில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் மணிமணியாகப் பளபளக்கும் குவியலும், அதைச் சுற்றிக் கடுகைவிடச் சிறிய குஞ்சுகள் ஊர்வதும் தெரியும். நாய்க்கு மருந்து போட்டும் உண்ணி திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்து, நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்து, நாய்க்கு மருத்துவர் சொன்ன மருந்தைத் தவறாமல் கொடுத்தால் சில மாதங்களில் கட்டுக்குள் வரும். உடலில் உள்ளதைக் குறட்டால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள், கையால் நசுக்காதீர்கள். ஈறு வெளுத்து, சாப்பிடாமல், காய்ச்சலோடு சுருண்டு படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பூனையும் உள்ள வீட்டில் இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. நாய்க்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். அதைப் பூனைக்குப் போடவே கூடாது. நாய்க்குப் போட்டாலும் அது காயும்வரை பூனையை அண்டவிடக் கூடாது. அதுபோலவே ஒரு பாராசிட்டமால் மாத்திரையே பூனையின் உயிரை எடுக்கப் போதுமானது.

ஏழாம் படி: வெயில் காலம்

கடலோரத்தில் வெப்பத்தைவிடப் புழுக்கமே கொடியது. நாய் இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் நாக்கின் ஈரம் ஆவியாவதில்லை. அக்கினி நட்சத்திர நாள்களில் காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிட்டு, மாலையில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு தாங்கினால் மட்டுமே அழைத்துச் செல்லுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. எச்சில் ஒழுகித் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி மின்விசிறியின் கீழ் படுக்கவைத்து, அதன் பிறகு மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மொட்டை மாடியில் கட்டிவைப்பது கொடுமை, எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

எட்டாம் படி: மழையும் புயலும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. ஆகவே அக்டோபர் பிறந்ததுமே விலங்குகளுக்கான ஏற்பாட்டையும் முடித்துவிடுங்கள்: பூனையைத் தூக்கிச் செல்ல மூடியுள்ள கூடை, நாய்க்குக் கழுத்துப் பட்டையும் கைப்பேசி எண் பொறித்த வில்லையும், ஒரு வாரத்துக்கான உலர் உணவு, தடுப்பூசி அட்டையை வைத்த பிளாஸ்டிக் உறை. தண்ணீர் ஏறும்போது கட்டிப்போட்ட நாயால் நீந்தக்கூட முடியாது. வீட்டைவிட்டு வெளியேறும் நிலை வந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள். எவ்வகையிலும் முடியாமல் போனால் கட்டை அவிழ்த்து, மாடிக்குப் போகும் வழியைத் திறந்துவிட்டுப் போங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகுதான் எலிக்காய்ச்சல் பரவும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் நடந்த நாயின் பாதங்களைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். கழுவுகிறவர் கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை அணிய வேண்டும். மழை இரவுகளில் தேரைகள் வெளியே வரும். நாய் ஒன்றைக் கவ்விவிட்டால் வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி வாயின் பக்கவாட்டில் ஊற்றி அலசிவிட்டு மருத்துவரை அழையுங்கள். தென்னை மட்டைக் குவியலையும் விறகையும் வீட்டை ஒட்டி அடுக்காதீர்கள். நாய் ஒரே இடத்தைப் பார்த்து நின்று குரைத்தால், என்னவென்று குனிந்து பார்க்காமல் முதலில் நாயை உள்ளே அழைத்துவிடுங்கள். பாம்பு கடித்திருந்தால் நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டே போக வேண்டும். கீறுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம்.

மழைக்கு ஒதுங்கும் பூனைகள் காரின் பானெட்டுக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளும் என்பதால் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தீபாவளியும் பெரும்பாலும் இந்த மழைக்காலத்திலேயே வருகிறது. அன்று மாலைக்குள் இரண்டையும் உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிட்டு, வீட்டில் யாராவது ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: கேட்டுக்கு வெளியே

நம் நாய் தெருவில் கழிப்பதை அள்ள ஒரு காகிதமும் பையும் கொண்டுபோவது, பக்கத்து வீட்டாரோடு உறவைக் காக்கும். தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள், 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, குழந்தைகள் விளையாடும் இடத்தையும் வீட்டு வாசல்களையும் தவிர்த்து, இதற்கென ஒதுக்கப்பட்ட ஓரிடத்தில், குறித்த நேரத்தில் வைத்து, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் முடித்த தெரு நாயை அதே இடத்தில் விட வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. காதின் நுனியில் இருக்கும் வெட்டு, அறுவை சிகிச்சை முடிந்ததற்கு அடையாளம். நாய் வளர்ப்புக்கான பதிவைப் பற்றி அந்தந்த நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

தோட்டத்துப் பறவைகளையும் நினைவில் வைக்க வேண்டும். தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் தாழ்ந்த செடிகளில்தான் கூடு கட்டும். விடியலிலும் அந்தியிலும் பூனையை வீட்டுக்குள் வைத்து, அந்த நேரத்தில் ஒரு கயிற்றுப் பந்தோடு விளையாடிவிட்டு உணவு கொடுத்தால் வேட்டை கணிசமாகக் குறையும்.

கடற்கரைக்கு நாயை அழைத்துப் போகிறவர்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கயிற்றை அவிழ்க்கவே கூடாது. அந்த மாதங்களில் பங்குனி ஆமைகள் நம் கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. நாயின் மூக்குக்கு அந்தக் குழிகள் எளிதில் தட்டுப்படும். மணலில் ஆமை ஊர்ந்த தடத்தையோ கிளறிய குழியையோ கண்டால், நாயைத் தள்ளி நிறுத்திவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்பார்கள்.